ஓட முடியாதவருக்காகப் பிறந்த ஆட்டம்

புதுவையில் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பெத்தாங் என்றால் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காக இரண்டு வரி. தரையில் வட்டம் போட்டு, அதற்குள் நின்றபடி, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சிறு மரக்குண்டின் அருகே இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். முதலில் 13 புள்ளி எடுப்பவர்க்கு வெற்றி. அந்த மரக்குண்டுக்குப் பெயர் கொஷோனே, அதாவது பன்றிக்குட்டி.

சிறுவயதில் பள்ளி விட்டு வரும்போது, பான்சியோன் வாங்கும் சொல்தாக்கள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்ப்பேன். பின்னாளில் அரசாங்கக் குமாஸ்தா ஆனதும் நானும் ஆட்டத்தில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் மாலையில் இடம் பிடிக்கவே போட்டி. போன வருஷம் ஒரு மாலை எண்ணிப் பார்த்தேன்: ஆறே பேர். அதில் இருவர் குனிய முடியாமல், கயிற்றில் கட்டிய காந்தத்தால் குண்டைத் தூக்குகிறவர்கள்.

"இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது" என்று புலம்பினோம். ஆனால் இந்த ஆட்டத்தின் கதையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிரான்சின் தென்கரையில் லா சியோத்தா என்ற ஊர். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் ஆடிய குண்டாட்டத்தில் தூரம் அதிகம். மூன்று எட்டு ஓடித்தான் அடிக்க வேண்டும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ழூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரரை வாதநோய் முடக்கிவிட்டது. அவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைப் பொறுக்காத நண்பர் பித்தியோ, தூரத்தைக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்றார். காலை ஊன்றி நிற்பது என்று பொருள்படும் புரோவான்ஸ் மொழிச் சொல்லிலிருந்தே பெத்தாங் என்ற பெயர் வந்தது. ஒரே ஒருவரை இழக்க மனமில்லாமல் விதியையே மாற்றினார்கள். அந்த விதி உலகம் சுற்றியது.

தாய்லாந்தில் மன்னர் பூமிபோலின் தாயார் இந்த ஆட்டத்தை ஆதரித்து வளர்த்தார். முதிய வயதில் தாமும் ஆடினார். 1988-இல் அந்நாட்டுப் பெண்கள் உலகப் பட்டமே வென்றார்கள். பிரெஞ்சு ஆட்சியையே காணாத நாடு அது!

நாங்கள் என்ன செய்தோம்? சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, நானும் ஒரு தடவை போடட்டுமா?" என்று கேட்டாள். "காலில் விழுந்தால் என்ன ஆகும்? தள்ளிப் போம்மா" என்றேன். அதன்பின் அவள் வரவேயில்லை. குண்டின் எடை முக்கால் கிலோ, பயந்தது உண்மைதான். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. அது எங்கள் ஆட்டம் என்ற நினைப்பு.

இப்போது இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். சொந்தக் குண்டு இல்லாதவர்க்கு எங்கள் பழைய குண்டுகளைத் தருகிறோம். ஞாயிறு மாலை முதல் ஆட்டம் புதியவர்களுக்கு. நாங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்போம். பெரிய கூட்டம் வந்துவிடவில்லை. ஐந்தாறு பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் பெண்கள். சென்ற வாரம் ஒருத்தி என் குண்டை அடித்துத் தள்ளிவிட்டுத் துள்ளிக் குதித்தாள்.

அந்தச் சிறுமி இப்போது கல்லூரியில் படிப்பாள். இதைப் படிக்கும் யாருக்காவது அவளைத் தெரிந்தால், ஞாயிறு மாலை வரச் சொல்லுங்கள்.