லார்கின் அரங்கிலிருந்து புறப்பட்டவர்

ஜப்பானில் காற்பந்து பேசும் வீடுகளில் ஜொகூர் பாருவின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. நம் ஊரைச் சுற்றிப் பார்த்ததால் வந்த அறிமுகம் அல்ல அது. 1997 நவம்பர் 16ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, லார்கின் அரங்கில் நடந்த ஓர் ஆட்டத்தை 'ஜொகூர் பாருவின் ஆனந்தம்' என்று பெயரிட்டே அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆனந்தத்திற்கு முன்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1993 அக்டோபரில் கத்தாரின் டோஹா நகரில் ஈராக்கை எதிர்த்து ஆடிய ஜப்பான், 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குச் சென்றிருக்கும். கடைசி நிமிடத்தில் ஈராக் ஒரு கோல் போட்டது. ஆட்டம் சமநிலை, அமெரிக்காவிற்குப் போகும் வாய்ப்பு பறிபோனது. திடலிலேயே உட்கார்ந்து அழுத ஆட்டக்காரர்களின் படங்களை ஜப்பானியர்கள் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே நாடு, பிரான்ஸ் உலகக் கிண்ணத்திற்கான ஆசியாவின் மூன்றாவது இடத்திற்காக ஈரானை எதிர்த்து லார்கினில் இறங்கியது. பொதுவான திடலில் ஒரே ஓர் ஆட்டம். அன்று ஜப்பானின் நடுத்திடலில் நின்றவர் இருபது வயது ஹிதெதோஷி நக்காத்தா. யாமானாஷி மாநிலத்தின் கோஃபு நகரில் 1977 ஜனவரி 22இல் பிறந்தவர். 1995இல் பெல்மாரே ஹிராட்சுகா குழுவில் சேர்ந்து, மறு ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என்று வீழ்த்திய ஜப்பானிய அணியில் ஆடியவர்.

முதல் கோலுக்கு வழி அமைத்தது அவருடைய பந்து, அடித்தவர் நாக்காயாமா. இடைவேளைக்குப் பிறகு அஜீஸி, அலி டாயி இருவரும் ஈரானை 2-1 என்று முன்னே கொண்டு சென்றனர். டோஹா மீண்டும் வந்துவிட்டதோ என்று ஜப்பானிய ரசிகர்கள் கலங்கிய வேளையில், 76ஆவது நிமிடத்தில் நக்காத்தா உயர்த்தித் தந்த பந்தை மாற்று ஆட்டக்காரர் ஜோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அக்கால விதி. 118ஆவது நிமிடம். நக்காத்தா உதைத்த பந்தை ஈரான் கோல் காவலர் அபெட்சாடே தடுத்தார்; ஆனால் பிடிக்க முடியவில்லை. ஓடி வந்த ஒக்கானோ சறுக்கியபடியே அதை உள்ளே தள்ளினார். மூன்று கோல்களிலும் நக்காத்தாவின் கால் இருந்தது. கோல் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இல்லை. நடுத்திடல் ஆட்டக்காரர்களின் விதியே அப்படித்தான்!

ஈரானும் பிறகு ஆஸ்திரேலியாவைத் தாண்டிப் பிரான்ஸ் சென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலகக் கிண்ணம் முடிந்த கையோடு, 1998இல் இத்தாலியின் பெருஜியா குழு நக்காத்தாவை வாங்கியது. ஐரோப்பாவிற்குச் சென்ற முதல் ஆசியர் அவர் அல்லர். 1970களின் இறுதியிலேயே ஜப்பானின் ஒக்குதேராவும் கொரியாவின் சா பும்-குன்னும் ஜெர்மனியில் ஆடினர். நம் அண்டை நாடான சிங்கப்பூரின் ஃபண்டி அகமது 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இண்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டிருக்கிறார். ஆனால் இத்தாலியின் சிரி ஆ அன்று உலகிலேயே கடினமான லீக். அங்கு முதலில் போன ஜப்பானியர் மியூரா, 1994-95 பருவத்தில் ஜெனோவா குழுவுக்கு ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. ஆகவே நக்காத்தாவைப் பார்த்து இத்தாலியர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஜப்பானில் ஜெர்சி விற்பதற்காக வாங்கப்பட்ட பொருள் என்றுதான்.

1998 செப்டம்பரில் பெருஜியாவின் முதல் ஆட்டம். எதிரணி, நடப்பு வெற்றியாளர் யுவெந்துஸ். பெருஜியா 3-4 என்று தோற்றது. அந்த மூன்றில் இரண்டு நக்காத்தாவினுடையவை. அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் போட்டது மொத்தம் 10 கோல்கள். கீழே இறங்கிவிடாமல் பெருஜியா தப்பித்தது. ஜெர்சிகளும் விற்றன, ஜப்பானியப் பயணிகளும் அந்தச் சிறு நகரத்தில் குவிந்தனர். அதில் என்ன குறை? பந்தும் பேசியது, பணமும் வந்தது. பேட்டிகளில் அவர் இத்தாலிய மொழியிலேயே பதில் சொன்னார். தாய்நாட்டு நாளேடுகளைத்தான் அவர் நம்பவில்லை. சொல்ல வேண்டியதைத் தமது சொந்த இணையத்தளத்தில் எழுதினார்.

2000 ஜனவரியில் ரோமா குழு அவரை வாங்கியது. அங்கேதான் சிக்கல். அவர் விரும்பிய இடம் தொட்டியின் இடம். தொட்டியோ ரோம் நகரத்தின் செல்லப்பிள்ளை. அது போதாதென்று, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை இல்லாதவர்கள் ஓர் ஆட்டத்தில் இத்தனை பேர்தான் இறங்கலாம் என்ற கட்டுப்பாடு வேறு. ரோமாவில் பிரேசில், அர்ஜெண்டினா ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தனர். நக்காத்தா பல வாரங்கள் வெளியே உட்கார்ந்திருந்தார். திறமைக்குக் குறைவில்லை, பாஸ்போர்ட்தான் குறுக்கே நின்றது.

2001 மே மாதத் தொடக்கத்தில், பருவம் முடியும் முன்பே அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சில நாள்களில், மே 6ஆம் நாள், தூரின் நகரில் யுவெந்துஸ் - ரோமா மோதல். ஆறு நிமிடங்களுக்குள் டெல் பியரோவும் ஸிடானும் யுவெந்துஸுக்கு இரண்டு கோல்கள் தந்தனர். இரண்டாம் பாதியில் பயிற்றுநர் கப்பெல்லோ துணிந்து தொட்டியை வெளியே எடுத்து நக்காத்தாவை இறக்கினார். 79ஆவது நிமிடத்தில் தொலைவிலிருந்து நக்காத்தா அடித்த பந்து வலையைத் தொட்டது. முழு நேரமும் முடிந்து கூடுதலாகத் தந்த நிமிடங்களில் அவர் மீண்டும் உதைக்க, கோல் காவலர் வான் டெர் சார் தட்டிவிட, மொந்தெல்லா அதைக் கோலாக்கினார். லார்கினில் ஒக்கானோவுக்கு விழுந்த அதே மாதிரிப் பந்து! 2-2.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பருவத்தின் முடிவில் ரோமா 75 புள்ளிகள், யுவெந்துஸ் 73. தூரினில் ரோமா தோற்றிருந்தால், மற்ற முடிவுகள் அப்படியே இருக்க, யுவெந்துஸ் 75, ரோமா 74 என்றாகியிருக்கும். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ரோமாவுக்குக் கிடைத்த பட்டம், மாற்று ஆட்டக்காரர் ஒருவரின் அரை மணி நேரத்தில் அடங்கியிருந்தது. ஜூன் மாதத்தில் ஜப்பானுக்காகக் கான்ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதியில் கோல் போட்டுவிட்டு, இறுதி ஆட்டத்திற்குக் காத்திராமல் அவர் ரோமுக்குத் திரும்பினார். நாட்டைவிடக் குழு பெரிதா என்று கேட்கத் தோன்றும். எத்தனை வாரங்கள் அந்தக் குழுவில் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது நியாயமான கேள்வி.

பட்டம் வென்ற கோடையிலேயே அவர் பார்மா குழுவுக்கு விற்கப்பட்டார். ஆசிய ஆட்டக்காரர் ஒருவருக்காக அதுவரை கொடுக்கப்பட்ட மிகப் பெரிய தொகை அது. 2002இல் இத்தாலியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், யுவெந்துஸிடம் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் கடைசியாக அவர் போட்ட கோலே பிறகு பார்மாவுக்குக் கிண்ணத்தைத் தந்தது. அதே ஆண்டு ஒசாக்காவில் துனீசியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி, உலகக் கிண்ணத்தில் தம் ஒரே கோலைப் போட்டார். பிறகு பொலோஞா, ஃபியோரெந்தினா, இங்கிலாந்தின் போல்டன். எங்கும் நிலைக்கவில்லை. காயம், பிடிக்காத இடத்தில் ஆட வைத்தது என்று காரணங்கள் உண்டு. ஆட்டத்தின் கூர்மையும் குறைந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2006 ஜூன் 22, ஜெர்மனியின் டோர்ட்மண்ட். உலகக் கிண்ணத்தில் ஜப்பான் பிரேசிலிடம் 1-4 என்று தோற்று வெளியேறியது. மற்றவர்கள் போன பிறகும் நக்காத்தா திடலின் நடு வட்டத்தில் மல்லாந்து படுத்திருந்தார். பத்து நிமிடங்கள் போல. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஜூலை 3ஆம் நாள் அவருடைய இணையத்தளத்தில் பதில் வந்தது. தொழில்முறைக் காற்பந்திலிருந்து விலகுவதாகவும், ஆறு மாதங்களுக்கு முன்பே அதை முடிவு செய்துவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். அப்போது வயது 29. நாட்டுக்காக 77 ஆட்டங்கள், 11 கோல்கள்.

இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆடியிருக்கலாமே என்று ரசிகர்கள் வருந்தினர். ஆடியிருக்கலாம்தான். ஆனால் எட்டு ஆண்டுகளில் ஆறு ஐரோப்பியக் குழுக்கள். எங்கே ஆடுவது, எப்போது இறங்குவது என்பதைப் பெரும்பாலும் பயிற்றுநர்களும் விதிமுறைகளும் விலைச்சீட்டுமே தீர்மானித்தன. நிறுத்துகிற நாளை மட்டும் அவர் எவரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் உலக நாடுகளைச் சுற்றினார். பின்னர் சொந்த நாட்டின் மாநிலங்கள் தோறும் பயணம் செய்து, கைவினைஞர்களையும் அரிசியிலிருந்து சாக்கே மது வடிப்பவர்களையும் தேடிச் சென்றார். அந்த மதுவை வெளிநாடுகளில் அறிமுகப்படுத்துவதையே பிறகு தொழிலாக்கிக்கொண்டார்.