ஓரச் சிப்பாயின் ஒரு கட்டம்

பூநகரியில் நாங்கள் செஸ் ஆடும் வட்டத்தில், ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளிவிட்டுக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. புத்தகம் பார்த்துப் பழகிய இளைஞர்கள், "ஓபனிங் தெரியாமல் ஆடுறீங்க நானா" என்பார்கள். தொடக்க ஆட்டம் மேற்கத்தையவர் தந்த கலை என்ற எண்ணம் அப்பேச்சில் ஒளிந்திருக்கிறது. வரலாறோ வேறு விதமாக இருக்கிறது.

அப்பாஸியர் காலத்தில் இவ்வாட்டத்தின் பெயர் சத்ரன்ஜ். 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லீயும், 10ஆம் நூற்றாண்டில் அபூபக்ர் அஸ்ஸூலீயும் இதைப் பற்றி நூல்கள் எழுதினர். அன்று சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும். இன்றைய மந்திரியின் இடத்தில் நின்றது 'பீல்'. சூறத்துல் பீலில் வரும் அதே யானைதான். அது குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவே. ஆகவே இரு படைகளும் மோதுவதற்குப் பல நகர்வுகள் பிடிக்கும். அதற்குள் படையை எவ்வொழுங்கில் நிறுத்துவது என்பதே தொடக்கக் கலையாயிற்று. அவ்வொழுங்கைத் 'தஅபியா' என்றனர். 'முஜன்னஹ்' (சிறகுடையது), 'ஸய்யால்' (பெருவெள்ளம்) என அவற்றுக்குப் பெயர்களும் இருந்தன. ஒரு தொடக்கத்தின் அடிப்படை நிலையை இன்றும் உலக ஆட்டக்காரர் 'தபியா' என்றே அழைக்கின்றனர்.

சிப்பாயின் இரட்டைப் பாய்ச்சலை ஐரோப்பா பின்னர் சேர்த்துக்கொண்டது. இந்திய ஆட்டத்திலோ ஒற்றை நடையே நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜோன் கொக்ரேனுடன் ஆடிய வங்காளியரான மொகேஷ்சந்திர பானர்ஜி, ஐரோப்பிய விதியில் ஆடியபோதும் இப்பழக்கத்தை விடவில்லை. ராஜா பக்கக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை வைத்து, நடுக்கட்டங்களைத் தூரத்திலிருந்து தாக்கினார். 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் அவ்வாட்டங்களிலிருந்தே பிறந்தது. 1855இல் அவர் ஆடிய ஒரு முறை, 1922இல் அதைக் கையாண்ட கிரூன்பெல்டின் பெயரால் இன்று வழங்குகிறது. ஐரோப்பியருக்கு ஆளின் பெயர். வங்காளியருக்கு நாட்டின் பெயர் மட்டுமே.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானும் இந்திய விதியில் வளர்ந்தவர். சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் இலண்டன் சென்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியச் சம்பியனானார். அதே இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா 1933இல் பெண்கள் சம்பியனானார். சுல்தான் கானுக்குத் தொடக்க ஆட்டம் தெரியாது என்றே விமர்சகர்கள் எழுதினர். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சம்பியன் கபபிளங்காவை அவர் வென்ற ஆட்டத்தில், ஐந்தாம் நகர்வாக ராணிப் பக்க ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். எதிரியின் மந்திரி வந்து தன் குதிரையைக் கட்டிப்போடாமல் அது தடுத்தது. பிற்காலத்தில் இதே தொடக்கத்தில் அந்நகர்வைப் பெட்ரோசியனும் கஸ்பரோவும் கையாண்டனர்; அது பெட்ரோசியன் முறை எனப் பெயர்பெற்றது.

ஒற்றை நடை எப்போதும் நல்லதென்று நான் வாதிட வரவில்லை. காரணமின்றி ஓரத்தில் தள்ளினால் எதிரி நடுவைப் பிடித்துக்கொள்வான். ஆனால் காரணத்தைக் கேட்காமலே ஒருவரை அறியாதவர் என்பது ஆட்டத்துக்கும் நியாயமல்ல, வரலாற்றுக்கும் நியாயமல்ல. சுல்தான் கான் 1966இல் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்தான்.