போராக்காய் தீவு: சுற்றுலாவும் நிலவுரிமையும்

போராக்காய் என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் அக்லான் மாகாணத்தில், பனாய் தீவின் வடமேற்கு முனையை ஒட்டி அமைந்துள்ள ஒரு சிறு தீவாகும். இதன் பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர் மட்டுமே. வெண்மணல் கடற்கரைக்காக உலகப் புகழ் பெற்ற இத்தீவு, 2018-ஆம் ஆண்டில் ஆறு மாதங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு முழுமையாக மூடப்பட்டது. அந்நிலைக்கு அளவுக்கு மீறிய கூட்டத்தோடு, நெடுங்காலம் தீர்க்கப்படாமல் கிடந்த நிலவுரிமைச் சிக்கலும் ஒரு காரணமாகும்.

இயற்கை அமைப்பு

தீவு வடக்குத் தெற்காகச் சுமார் 7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இரு முனைகளும் அகன்று, நடுப்பகுதி குறுகி, எலும்புத்துண்டு போன்ற வடிவில் காணப்படுகிறது. மேற்குக் கரையில் 'வெண் கடற்கரை' சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்துள்ளது. பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான மணல் என்பதால், நண்பகல் வெயிலிலும் இது காலைச் சுடுவதில்லை. நவம்பர் முதல் மே வரை வீசும் வடகிழக்குக் காற்றை மக்கள் 'அமிஹான்' என்கின்றனர். அப்போது மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். பயணிகள் மிகுதியாக வருவதும் இப்பருவத்தில்தான். 'ஹபகத்' எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் அலை மிகும்.

தொல்குடிகள்

இத்தீவின் முதல் குடிகள் ஆத்தி மக்கள். குட்டையான உருவமும் சுருண்ட முடியும் கொண்ட இவர்கள், பனாய் பகுதியின் மிகப் பழைய இனத்தவர். அண்டை நகரான கலிபோவில் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் 'ஆத்தி-ஆத்திஹான்' திருவிழாவின் பெயருக்கே 'ஆத்தியரைப் போல் ஆதல்' என்பது பொருள். பிற்காலத்தில் குடியேறியவர்கள் தீவில் தென்னை வளர்த்தனர், மீன் பிடித்தனர். ஆத்தி மக்கள் சிறிது சிறிதாகத் தீவின் ஓரங்களுக்கு ஒதுங்கினர்.

சுற்றுலாவின் வருகை

1970-களில் முதுகில் மூட்டையுடன் ஊர்சுற்றும் வெளிநாட்டு இளைஞர்கள் இங்கு வரத் தொடங்கினர். மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய குடில்களே அன்றைய விடுதிகள். 1978-இல் குடியரசுத் தலைவர் பெர்டினாண்ட் மார்கோஸ், வேறு பல தீவுகளுடன் போராக்காயையும் சுற்றுலா மண்டலமாகவும் கடல்வளக் காப்பிடமாகவும் அறிவித்தார். பின்னர் குடில்கள் இருந்த இடங்களில் கான்கிரீட் விடுதிகள் எழுந்தன. 1997-இலேயே கடல்நீரில் கோலிஃபார்ம் கிருமிகள் மிகுதியாக உள்ளன என்று சுற்றுச்சூழல் துறை எச்சரித்தது. சிறிது காலம் பயணிகள் குறைந்தனர். பிறகு பழையபடி பெருகினர்.

நிலம் யாருடையது?

பிலிப்பைன்ஸ் சட்டப்படி, தனியாருக்கு அளிக்கத்தக்கது என்று அரசு வகைப்படுத்திய நிலத்துக்கே பட்டா பெற முடியும். வகைப்படுத்தப்படாத பொதுநிலம் அனைத்தும் காடாகவே கருதப்படும் என்று 1975-ஆம் ஆண்டின் வனச் சட்டம் கூறியது. போராக்காய் வகைப்படுத்தப்படவே இல்லை. ஆகவே விடுதிகள் நிறைந்த கடற்கரையும் ஏட்டளவில் காடாகவே இருந்தது. தலைமுறைகளாக வரி கட்டி வந்தவர்களிடமும் பட்டா இல்லை.

தங்கள் உரிமையை உறுதி செய்யக் கோரி நில அனுபவதாரர்கள் கலிபோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்கள் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2006-இல் குடியரசுத் தலைவர் குளோரியா மகபகல் அர்ரோயோ ஓர் அறிவிக்கை வெளியிட்டார். 400 எக்டேர் காப்புக் காடு என்றும், 628.96 எக்டேர் தனியாருக்கு அளிக்கத்தக்க வேளாண் நிலம் என்றும் அது பிரித்தது. 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கீழ்த் தீர்ப்புகளை மாற்றியது. 2006-க்கு முன் தீவு முழுவதும் அரசின் காட்டுநிலமே என்றும், நீண்ட அனுபவம் மட்டுமே உரிமை தராது என்றும் கூறியது. எனினும், அதனால் குடியிருப்போர் உடனே வெளியேற்றப்பட வேண்டும் என்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

இவ்வாறு உரிமை தெளிவற்றுக் கிடந்த காலத்தில்தான் கட்டடங்கள் பெருகின. காடு எது, ஈரநிலம் எது, மனை எது என்ற எல்லை நடைமுறையில் காக்கப்படவில்லை.

ஆறு மாத மூடல்

2017-இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவுக்கு வந்தனர். மறு ஆண்டு குடியரசுத் தலைவர் ரோட்ரிகோ டுடெர்டே இதைச் சாக்கடைக் குழி என்று கண்டித்தார். அவரது அறிவிக்கை நிலைமையை எண்களால் விளக்கியது. நாள்தோறும் 90 முதல் 115 டன் குப்பை சேர, 30 டன்னை மட்டுமே அகற்ற முடிந்தது. காட்டிலும் ஈரநிலத்திலும் 937 சட்டவிரோதக் கட்டடங்கள் இருந்தன. 1988-க்கும் 2011-க்கும் இடையில் பவளப்பரப்பு 70.5 விழுக்காடு குறைந்திருந்தது.

2018 ஏப்ரல் 26 முதல் அக்டோபர் 25 வரை தீவு மூடப்பட்டது. விடுதிப் பணியாளர், படகோட்டிகள், சிறு வணிகர் எனப் பல்லாயிரவர் வருவாய் இழந்தனர். கழிவுநீர்க் குழாய்கள் சீரமைக்கப்பட்டன, சாலை அகலமாக்கப்பட்டது. கடலோரத்தில் 30 மீட்டருக்குள் இருந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஒரே நேரத்தில் தீவில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பும் விதிக்கப்பட்டது.

ஆத்தி மக்களின் நிலை

ஆத்தி மக்கள் 2011-இல் தங்கள் மூதாதையர் நிலமாக 2.1 எக்டேருக்கு அரசின் பட்டா பெற்றனர். ஒரு காலத்தில் தீவு முழுவதும் நடமாடியவர்களுக்குக் கிடைத்த இந்நிலம், தீவின் பரப்பில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கே. அதற்கும் வேறு சிலர் உரிமை கோரினர். 2018 நவம்பரில், தீவு மீண்டும் திறக்கப்பட்ட சில நாட்களில், டுடெர்டே அவர்களுக்கு மேலும் சில நிலப் பத்திரங்களை நேரில் வழங்கினார். அந்நிலம் பயிர் செய்ய ஏற்றதல்ல என்று கூறி, அப்பத்திரங்களில் சில பின்னர் ரத்து செய்யப்பட்டன.

இன்று வெண் கடற்கரையில் புகைபிடிக்கவும் மது அருந்தவும் தடை உள்ளது. கடல்நீரின் தரம் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. பயணிகளுக்கு வரம்பு வகுத்த தீவில், அதன் முதல் குடிகளுக்கு உரிய நிலம் எவ்வளவு என்ற வழக்கு மட்டும் முடிவுக்கு வரவில்லை.