முந்நூறு பவுண்டு

காத்தோங் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் குழந்தை யார் ஜாடை என்பது பெரிய கேள்வியே இல்லை. பெரனாக்கன், யுரேசியர், சிலோன் ரோட்டு யாழ்ப்பாணத்தார் என்று எல்லாரும் கலந்து கிடக்கிற இடம். ஆனால் அதே சிங்கப்பூரில் 2010இல் பிறந்த ஒரு பெண் குழந்தையின் ஜாடை, கோர்ட் வரை போனது. செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் கணவரின் விந்தணுவுக்குப் பதில் யாரோ ஒருவருடையதைப் பயன்படுத்திவிட்டார்கள். தாய் வழக்குப் போட்டார். வளர்ப்புச் செலவு கேட்டார். கூடவே தண்டனை இழப்பீடும்.

சிவில் வழக்கில் தண்டனையா? உடைத்தவன் உடைந்ததற்குக் கொடுக்கணும், அவ்வளவுதான் சிவில் கணக்கு. தண்டிப்பது கிரிமினல் கோர்ட்டின் வேலை. நஷ்டத்துக்கு மேலே தண்டனையாக ஒரு தொகை போட்டு, அதையும் வழக்காடியவர் கையிலேயே கொடுப்பதைத்தான் தண்டனை இழப்பீடு என்கிறோம்.

இந்த வழக்கம் 1763இல் லண்டனில் வேர்பிடித்தது. அரசைத் தாக்கி எழுதிய ஒரு பத்திரிகையைப் பிடிக்க, பெயர் குறிப்பிடாத வாரண்டோடு ஆட்கள் கிளம்பினார்கள். ஹக்கிள் என்ற அச்சுத் தொழிலாளி மாட்டிக்கொண்டார். சுமார் ஆறு மணி நேரக் காவல். மரியாதைக்குக் குறைவில்லை, மாட்டிறைச்சியும் பீரும்கூடக் கொடுத்தார்கள்! வாரம் ஒரு கினி சம்பளக்காரருக்கு ஜூரி கொடுத்தது முந்நூறு பவுண்டு. அதிகம் என்று அரசுத் தரப்பு முறையிட்டது. தலைமை நீதிபதி பிராட் குறைக்க மறுத்தார். பெயரில்லாத வாரண்டோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைவதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

1964இல் டெவ்லின் பிரபு இதற்குக் கடிவாளம் போட்டார். சட்டமே அனுமதித்தால் ஒழிய, அரசு ஊழியரின் அடாவடிக்கும் லாபக் கணக்குப் போட்டுச் செய்த தவறுக்கும் மட்டுமே இது என்றார். 2017 மார்ச்சில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தாயின் வழக்கில்தான், இந்தக் கட்டங்களை உதறியது. நடத்தையை முழுதாகப் பார்த்து, தண்டிக்கிற அளவுக்கு அட்டூழியமா என்று மட்டும் கேட்டால் போதும் என்றது. சரியான கேள்விதான், ஆனால் அட்டூழியத்தை எந்தப் படியால் அளப்பது?

மையத்தின் தவறு அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லி, தண்டனை இழப்பீட்டை மறுத்தது. வளர்ப்புச் செலவையும் மறுத்தது. பிள்ளையை வளர்ப்பதை நஷ்டமாகக் கணக்குப் பார்க்க நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை. மாறாக, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான மரபணு ஒட்டு அறுந்ததே இழப்பு என்று புதிதாக ஒன்றை ஏற்றார்கள். அதற்கு விலை, வளர்ப்புச் செலவில் 30 சதவீதம். ஏன் முப்பது என்பதற்குக் கறாரான கணக்கு ஏதும் கிடையாது. ஹக்கிளின் முந்நூறுக்கும் அப்படித்தான்.