இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

பாராலிம்பிக்ஸ் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்போம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்.

முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. பலரைக் கொன்றது குண்டுக்காயம் இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒரே பக்கமாக அழுந்திக் கிடப்பது அவர்களுக்கே தெரியாது. அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும்.

1939-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கே தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த முக்கியமான விஷயம் புது மருந்து இல்லை, ஒரு விதி. பகலோ இரவோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கணும். நாளைக்கு 12 தடவை. ராத்திரியில் அவரே வார்டுக்கு வந்து சரிபார்ப்பாராம்.

புண் ஆறியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வேலை கற்றுக்கொண்டார்கள். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள்.

நம்ம வீடுகளில் பக்கவாதம் வந்து படுத்தவங்களுக்கும் இந்தப் புரட்டல்தான் உயிர். அதுக்கு யாரோ ஒருத்தர் தூக்கம் கெடணும். குட்மனின் வார்டில் அந்த ஒருத்தரை மாத்திவிட ஷிப்ட் இருந்தது. வீட்டில் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ மருமகளோ மட்டும்தான்.