பிப்ரவரி 14-க்கு எங்கே போகலாம்? ஆரணியில் இருந்து ஒரு சரித்திரப் பதில்

போன வாரம் கேன்டீனில் பெரிய விவாதம். காதலர் தினத்துக்கு ஜோடியாகப் போக உலகத்திலேயே சிறந்த இடம் எது? ஒருத்தன் சுவிட்சர்லாந்து என்றான். ஒருத்தி நியூசிலாந்து என்றாள். பேசிய ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஜோடி கிடையாது, ஆறு பேருக்குமே பாஸ்போர்ட் கிடையாது என்பது வேறு விஷயம். நான் "எங்க ஆரணி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணி என்றால் உங்களுக்குப் பட்டுப் புடவை தெரியும், ஆரணி அரிசி தெரியும். பூசிமலைக்குப்பம் தெரியுமா? ஆரணியிலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டை ஒட்டிய கிராமம். அங்கே ஒரு மாளிகை இடிந்து நிற்கிறது. ஊர்க்காரர்கள் கண்ணாடி மாளிகை என்பார்கள். இப்போது அதில் கண்ணாடி எதுவும் இல்லை. வளைவு வளைவாக வாசல்கள், காரை பெயர்ந்த சுவர்கள், சுவரைப் பிளந்துகொண்டு வளரும் செடிகள். நம் பக்கத்து அரண்மனை மாதிரியே இருக்காது, ஏதோ இங்கிலீஷ் பேய்ப்படத்தில் வரும் பங்களா மாதிரி இருக்கும்.

ஊரில் சொல்லும் கதை இதுதான். ஆரணி ஜாகீர்தார் ஒருவர் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் காதலித்தார். அவளுக்காக, அவள் ஊர் மாளிகை போலவே, இந்தக் காட்டுக்குள் இதைக் கட்டினார். அவ்வளவுதான் கதை. சொல்பவரைப் பொறுத்து ஜாகீர்தாரின் பெயர் மாறும். அவள் காதலியா மனைவியா என்பதும் மாறும். மாறாத ஒன்று உண்டு. யார் சொன்னாலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது.

யார் இந்த ஜாகீர்தார்கள்? 17-ம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் படையோடு சிவாஜியின் தந்தை ஷாஜி தெற்கே வந்தார். அவரோடு வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியப் பிராமணருக்கு ஆரணி ஜாகீராகக் கிடைத்தது. ஜாகீர் என்றால் அந்த நிலப்பகுதியின் வரி வருமானம் முழுக்க அவருடையது, மேலே இருப்பவருக்கு ஒரு தொகை கட்டினால் போதும். மேலே இருப்பவர்தான் மாறிக்கொண்டே இருந்தார். பீஜப்பூர் போய், மொகலாயர் போய், ஆற்காட்டு நவாப் போய், கடைசியில் கும்பெனிக்காரன். நடுவில் 1751-ல் கிளைவ் இங்கே வந்து சண்டை போட்டான், 1782-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். 1790-ல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஆரணிக் கோட்டைக்குள் உயரமாக ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. இவ்வளவு நடந்தும் ஜாகீர்தார் வம்சம் தாக்குப்பிடித்தது.

இப்போது கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்போம். ஜாகீர்தார்களின் பெரிய அரண்மனை ஆரணிக்குப் பக்கத்திலேயே சத்தியவிஜயநகரத்தில் இருக்கிறது. எஸ்.வி.நகரம் என்று பஸ்ஸில் எழுதியிருப்பார்களே, அதுதான். உத்தராதி மடத்தின் தலைவர் சத்தியவிஜய தீர்த்தரின் பெயரில் அமைந்த ஊர், அவருடைய பிருந்தாவனமும் அங்கேதான். அதாவது ஆசாரமான மாத்வக் குடும்பம். அந்த வீட்டு வாசற்படியை வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மிதித்திருக்க முடியுமா? நிச்சயம் முடியாது. அதனால்தான் கதை அவளைக் காட்டுக்கு அனுப்புகிறது. காதல் கதை நடந்ததோ இல்லையோ, அதற்குள் இருக்கிற கணக்கு சரியாக இருக்கிறது. ஒரு நாட்டுக்கே வரி வாங்கியவராலும் விரும்பியவளை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அவரிடம் காசு இருந்தது, காட்டுக்குள் தனியாக ஒரு வீடு கட்டினார். அந்தக் காசு எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், சுற்றுவட்டாரத்து நெல்வயல்களில் இருந்துதான். என் முப்பாட்டன் வீட்டு மூட்டை ஒன்றும் அந்தச் சுவரில் இருக்கலாம், ஹி ஹி.

வெள்ளைக்காரக் காதலி என்பதே ஊரார் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் காலத்து ராஜா, ஜமீன் வீடுகளில் ஆங்கிலேயப் பாணியில் பங்களா கட்டுவதும், வேட்டைக்குப் போய்த் தங்கக் காட்டோரம் வீடு வைத்துக்கொள்வதும் சாதாரணம். ஆனால் தனியாக நிற்கும் விசித்திரமான கட்டிடத்தைப் பார்த்தால் மக்கள் மனசு காரணம் தேடும். காரணம் என்றால் பெண்தான். எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு உதாரணம் ராணிப்பேட்டை. 1714-ல் செஞ்சி தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள். புருஷனோடு செத்தவளுக்கு ஒரு ஊரே கிடைத்தது, தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இடம் கிடைத்தது. காதலனோடு வாழ வந்தவளுக்குக் காட்டுக்குள் ஒரு மாளிகை, அதிலும் பெயர் இல்லை. எதை நினைவில் வைக்கவேண்டும் என்று ஊர் எப்படித் தீர்மானிக்கிறது பாருங்கள்.

காதலர்கள் சந்திக்க இடம் தேடுவது மேல்நாட்டில் இருந்து வந்த பழக்கம் என்று பிப்ரவரி மாதம் ஆனால் சிலர் மைக் பிடிப்பார்கள். அவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழை மறந்தவர்கள். நம் அகப்பொருள் இலக்கணத்தில் இதற்குத் தனிச் சொற்களே இருக்கின்றன. பகலில் ஊருக்கு வெளியே சந்திக்க முடிவு செய்யும் இடம் பகற்குறி. இரவில் வீட்டை ஒட்டிச் சந்திக்கும் இடம் இரவுக்குறி. இரண்டும் சரிப்படவில்லை என்றால் வீட்டை விட்டுச் சேர்ந்து போய்விடுவது உடன்போக்கு. திட்டம் போட்டுக் கொடுக்கத் தோழி, இன்றைக்கு டிராவல் ஏஜென்ட் மாதிரி! மலையும் மலை சார்ந்த இடமும் கூடலுக்கு என்று தொல்காப்பியர் அன்றைக்கே ஒதுக்கிவிட்டார். ஊட்டி ஹோட்டல்காரர்கள் அவருக்குச் சிலை வைக்கவேண்டும். ஒரே ஒரு சிக்கல். பிப்ரவரி 14 மாசி பிறந்த உடனே வருகிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பின்பனியை அவர் பிரிவுக்கு உரிய பாலைக்குக் கொடுத்திருக்கிறார். தேதி குறித்தவர்கள் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

ஊட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அது ஜோடிகளுக்காக உண்டான ஊர் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். வெயில் தாங்காத, காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற அங்கே போனார்கள். கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியதும் அதே காரணத்துக்குத்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் ரயில் போனது. வெள்ளைக்காரன் போனபிறகு அதே பங்களாக்களில் நம் ஆட்கள் தேனிலவுக்கு ரூம் எடுத்தார்கள்.

அந்த ஆசையைப் பரப்பியதில் பெரிய பங்கு சினிமாவுக்கு. 1961-ல் ஸ்ரீதர் "தேன் நிலவு" எடுக்கக் காஷ்மீருக்கே போனார். ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் ஏரியில் படகில் போவதைத் தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸில் மண் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதே ஸ்ரீதர் 1969-ல் "சிவந்த மண்" படத்துக்கு ஐரோப்பாவுக்குப் போனார். கேன்டீனில் "சுவிட்சர்லாந்து" என்று கத்தியவனுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? காதலர் தினம் என்ற தேதி வந்தது அதற்கும் ரொம்பப் பிறகு. 1991-க்கு மேல் கேபிள் டிவியும் வாழ்த்து அட்டைக் கடைகளும் பெருகிய காலத்தில். 1999-ல் அந்தப் பெயரிலேயே கதிர் படம் எடுத்துவிட்டார்.

சினிமா பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய சரித்திரம். அது புத்தகத்தில் இல்லை. அதனால் எங்கள் பாட்டியைக் கேட்டேன். பாட்டி அறுபது வருடம் தார் சுத்தினவள்.

"ஆயா, கல்யாணம் ஆனதும் நீயும் தாத்தாவும் எங்க போனீங்க?"

"எங்கடா போறது? தறிக்குத்தான்."

"அது இல்ல ஆயா, ஊருக்கு, ஜாலியா…"

ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாள். முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அது எல்லோருக்கும் உள்ளதுதான். மறு வருஷம் ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு மாட்டு வண்டியில் போனார்களாம். வண்டியில் பதினோரு பேர். "உங்க தாத்தா முன்னாடி குந்திக்கினு இருந்தாரு, நான் பின்னாடி. அவரு முதுகைப் பாத்துக்கினே போயி வந்தேன்." அவ்வளவுதான் அவர்கள் தேனிலவு.

நெசவாளர் வீட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முன்கட்டு முழுக்கத் தறி. குழித்தறி என்றால் தரையில் பள்ளம் வெட்டி அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. புருஷன் தறியில், பொண்டாட்டி பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டு, பிள்ளைகள் நடுவில், மாமியார் வாசலில். ஒரு பாவு ஏற்றினால் அது முடியும்வரை யாரும் நகர முடியாது. காலையில் இருந்து ராத்திரி வரை புருஷன் பெண்டாட்டி ஒரே அறையில்தான் இருப்பார்கள், ஆனால் ஒரு நிமிடம் தனியாக இருக்கமாட்டார்கள். அப்படி உட்கார்ந்து அவர்கள் நெய்வது யாரோ இரண்டு பேருடைய முகூர்த்தப் புடவை. அந்த இரண்டு பேர் அதைக் கட்டிக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு ஊட்டிக்குப் போவார்கள்.

இது பழைய கதை இல்லை. என் பெரியப்பா மகனுக்குப் போன ஐப்பசியில் கல்யாணம் ஆனது. அண்ணனும் அண்ணியும் ஏலகிரிக்கு இரண்டு நாள் போகவேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தை, மாசி முகூர்த்த ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. நூலும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, முன்பணமும் வாங்கியாகிவிட்டது, தேதிக்குப் புடவை போகவேண்டும். இரண்டு நாள் என்பது ஒரு நாளாகிவிட்டது. அண்ணன் அதற்கும் முதலாளியிடம் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் ஆனவர்கள் கதையே இப்படி. ஆகாதவர்கள் பாடு இன்னும் மோசம். பூங்காவில் உட்கார்ந்தால் வாட்ச்மேன் விரட்டுவார், கோட்டைக்குப் போனால் போலீஸ். பிப்ரவரி 14 அன்று நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டி எதிர்ப்புக் காட்டுகிறவர்கள் தனி. 2023-ல் மத்திய அரசின் விலங்கு நல வாரியம் அன்றைக்குப் பசுவைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிவிட்டு, சில நாட்களிலேயே அறிக்கையை வாபஸ் வாங்கியது. மாடு தப்பித்தது. சாதி மாறிக் காதலித்தவர்கள் நம் மாவட்டங்களில் என்ன ஆனார்கள் என்பதை இந்தக் கட்டுரையில் கேலியோடு சேர்த்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியை, மணமாகாத ஜோடி தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனது. மணமாகாத வயதுவந்த ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. ஹோட்டல் வரவேற்பில் முறைத்துப் பார்ப்பவர்களுக்குத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் பூசிமலைக்குப்பம் மாளிகைச் சுவர் முழுக்கப் பெயர்கள். கரியால், செங்கல்லால், ஆணியால். இதயம் வரைந்து நடுவில் அம்பு. பழைய கட்டிடத்தைக் கெடுக்கிறார்களே என்று முதல்முறை எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் அது தப்புதான். ஆனால் ஜாகீர்தார் மாதிரி தனியாக ஒரு வீடு கட்ட வழியில்லாதவர்கள் அவர் வீட்டையே எடுத்துக்கொண்டார்கள் என்றும் தோன்றியது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அந்தத் துரைசானி பேரு எழுதியிருக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவ ஊடு அது, அவ பேர உட்டுட்டு ஊர்ல இருக்கறவன் பேரெல்லாம் எழுதியிருக்கானுங்க" என்று தார் சுற்றப் போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், இருட்டுவதற்குள் திரும்புங்கள். தண்ணீர், சாப்பாடு கையில் இருக்கட்டும். மாடிப்பக்கம் ஏறவேண்டாம், கூரையை நம்ப முடியாது. பாம்பு உண்டு. ஆணி கொண்டுபோகாதீர்கள். ஒரு முழு நாள் இருந்தால் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகலாம், மாசியில் பீமன் அருவியில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் காற்று நன்றாக இருக்கும். அண்ணனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது தறியில் இருக்கும் பாவு பதிமூன்றாம் தேதி முடிந்துவிடும், அடுத்த பாவு பிணைக்க ஆள் பதினைந்தாம் தேதிதான் வருகிறாராம். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. வண்டிக்குப் பெட்ரோல் என் செலவு என்று சொல்லிவிட்டேன்.