நோயுற்ற உடலும் நீங்காத பணியும்

அயல்நாட்டில் தொண்டாற்றியவர்களின் வரலாற்றை எழுதுவோர், "இடையில் நோயுற்றார், குணமடைந்து பணிக்குத் திரும்பினார்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அறிய, நெல்லைச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேலின் வாழ்வு நல்லதொரு சான்று.

1867இல் அயர்லாந்தில் பிறந்தவர் அவர். சீனத்துக்குச் செல்ல விரும்பி 1892இல் விண்ணப்பித்தபோது, உடல்நிலை போதாது என்று மருத்துவர் மறுத்துவிட்டார். மறு ஆண்டே ஜப்பானுக்குச் சென்றார். கடும் நரம்புவலி அவரைப் படுக்கையில் வீழ்த்தவே, பதினைந்து மாதங்களில் அப்பணி முடிவுற்றது. இலங்கையில் சில காலம் தங்கிவிட்டு 1894இன் இறுதியில் இங்கிலாந்து திரும்பினார். அத்துடன் அவருடைய கடல் கடந்த பணி முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1895 நவம்பரில் அவர் பெங்களூரில் வந்திறங்கினார். வரும்போதே டெங்குக் காய்ச்சல்!

மறு ஆண்டின் இறுதியில், தமிழில் தேர்ந்தவரான தாமஸ் வாக்கரின் துணையுடன் தமிழைப் பயிலத் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். இந்தியப் பெண்களோடு அவர்களைப் போன்றே உடுத்தி, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1901இல் கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்றுமுதல் பணியின் போக்கே மாறிற்று. ஊர் ஊராகச் சென்றவர், குழந்தைகளுக்காக ஓரிடத்தில் தங்கினார். ஐரோப்பியப் பணியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வுக்காகத் தாயகம் செல்வது அக்கால நியதி. கார்மைக்கேலோ 1951இல் மறையும்வரை ஒருமுறைகூடத் தாயகம் செல்லவில்லை.

அவரை விமர்சனமின்றி ஏற்க வேண்டியதில்லை. மதமாற்றம் அவருடைய வெளிப்படையான நோக்கம். 1903இல் வெளிவந்த அவருடைய நூல் இந்து சமூகத்தின் இருண்ட பக்கங்களையே அடுக்கிக் காட்டுவது. தேவதாசி ஒழிப்புக்கான சட்டப் போராட்டத்தை முன்னெடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணச் சட்டம் 1947இல்தான் வந்தது. எனினும், அச்சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே குழந்தைகளுக்குப் பாயும் சோறும் கல்வியும் தந்தவர் என்ற நிலையில் அவருக்குரிய இடத்தை மறுப்பதற்கில்லை.

1931 அக்டோபரில், களக்காட்டில் அந்தி மங்கலில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் அவர் முழுமையாகத் தேறவே இல்லை. இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழிந்தன. அந்த அறையிலிருந்தே டோனாவூர் ஐக்கியத்துக்கு வழிகாட்டினார். கடிதங்களும் நூல்களும் எழுதினார். நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் நூல்கள் பெரும்பாலும் நலமுள்ளவர்களால் எழுதப்படுகின்றன என்பது அவருடைய மனக்குறை. ஆகவே நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் மடல்களாக ஒரு நூலை 1933இல் வெளியிட்டார்.

முதல் நோய் அவரை வேறொரு நாட்டுக்கு அனுப்பிற்று; கடைசி விபத்து அவரை வேறொரு பணிக்கு மாற்றிற்று. இரண்டு முறையும் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இருக்கின்ற உடல் எதைத் தாங்குமோ அதற்கேற்பப் பணி தன் உருவை மாற்றிக்கொண்டது. அவர் நடத்த இயலாததை நடத்தும் கைகளும் அங்கே உருவாகியிருந்தன. இந்தப் பின்பகுதியை நம் வாழ்க்கை வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை. தனிமனித மனவுறுதியை மட்டுமே புகழ்கின்றன.

திருப்பூரில் வாழும் எமக்கு இது எட்டாத செய்தியன்று. ஒன்றரை ஷிப்டு நிற்கக்கூடிய உடலே இங்கு உடல். நோயுற்று எழுந்து வரும் தையல்காரருக்கு அதே பவர் டேபிளும் அதே வேகமும் காத்திருக்கின்றன, இயலாதெனில் வீடுதான். குணமடைந்து திரும்புதல் என்றால் முன்பிருந்தபடியே ஆதல் என்றுதான் நாம் பொருள்கொள்கிறோம். திரும்பி வருபவரின் உடலுக்கேற்ப வேலையும் சற்று வளைந்து கொடுக்கலாம் என்பதற்கு, டோனாவூரின் ஓர் அறையில் கழிந்த அந்த இருபது ஆண்டுகள் சாட்சி.